புளிப்பை நிறுக்கும் தராசு: தங்கவயல் தூசியும் உடலின் அமில உணரிகளும்

தங்கவயலில் பாலகாட் பகுதியில் எங்கள் மளிகைக் கடை இருந்தது. 1970-களின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதிருக்கும். பள்ளி விட்டதும் அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவேன். லைன் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் சாயங்கால வேளையில் வருவார். சுரங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பாறையில் துளை போட்டவர். சுக்கும் மிளகும் வெல்லமும் வாங்குவார். நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் பேசுவார்.

"ஏன் தம்பி, நீ படிக்கிற பிள்ளையாச்சே, சொல்லு பார்ப்போம். நான் முழுங்கினது வெறும் கல்லுத் தூசி. கல்லுக்கு ஏது விஷம்? பாம்புக்கு விஷமிருக்கு, தேளுக்கு விஷமிருக்கு. கல்லு என்ன பண்ணும்? ஆனா நெஞ்சு கல்லாப் போச்சே!" என்று ஒருநாள் கேட்டார்.

அப்பா பேச்சை மாற்றிவிட்டார். எனக்கோ விடை தெரியவில்லை. அவருக்கு ஒரு மருத்துவர் டி.பி. என்றார், இன்னொருவர் தூசி நோய் என்றார். நான் பள்ளி இறுதி வகுப்பை முடிப்பதற்குள் பெரியவர் போய்விட்டார். அவருடைய கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

நான் மருத்துவனல்லன், கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவனுமல்லன். தராசு பிடித்தவன். கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த பிறகு, நூலகங்களிலும் பேத்தியின் உதவியோடு கணினியிலும் தேடித் தேடிப் படித்தேன். கல்லுக்கு விஷமில்லை என்று பெரியவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, நம் உடல் தன் காவலுக்காக வைத்திருக்கும் புளிப்பில், அதாவது அமிலத்தில், அடங்கியிருக்கிறது. உடலின் உயிரணுக்கள் அமிலத்தை எப்படி அறிகின்றன, அறிந்தபின் நோய் எதிர்ப்பை எப்படி ஏற்றி இறக்குகின்றன என்பதை, என் சிற்றறிவுக்கு எட்டியவரை, இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆரத்தித் தட்டிலிருந்து தொடங்குவோம்

மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்து ஆரத்தியாகிறது. அதே நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சிவப்பு மறைந்து மீண்டும் மஞ்சளாகும். செம்பருத்தி இதழைச் சுடுநீரில் ஊறவைத்துப் புளிப்புச் சேர்த்தால் நல்ல சிவப்பு. ஆப்பச் சோடா சேர்த்தால் பச்சை சாயும். நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக அமிலத்தையும் காரத்தையும் கண்ணால் பார்த்தே வந்திருக்கிறார்கள். (இங்கே காரம் என்பது மிளகாய்க் காரமல்ல, சுண்ணாம்பு, சோடா போன்றவற்றின் குணம்.)

இதை எண்ணால் அளக்க வழி சொன்னவர் டென்மார்க் நாட்டு வேதியியலறிஞர் சோரன்சென். 1909-ல் அவர் வகுத்ததே பி.எச். அளவு. 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். எண் 0.3 குறைந்தாலே அமிலம் இரு மடங்காகிவிடும். ஆகவே 7.4 என்பதற்கும் 7.1 என்பதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று எண்ணிவிடக்கூடாது.

நம் இரத்தத்தின் அளவு 7.35-லிருந்து 7.45 வரை. இந்தக் குறுகிய வரம்பை நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகக் காத்து நிற்கின்றன. இரைப்பையிலோ 1.5 முதல் 3 வரை. ஒரே உடலுக்குள் இத்தனை வேறுபாடு!

வீங்கிய இடம் ஏன் புளிக்கிறது?

முள் குத்திய இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது. இதை அழற்சி என்பர். அங்கே நோயை எதிர்க்க வெள்ளையணுக்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்கின்றன. படை வந்தால் சாப்பாடு வேண்டுமல்லவா? அவை சர்க்கரையை அவசரமாக எரிக்கின்றன. பிராணவாயு போதாத இடத்தில் சர்க்கரையை எரித்தால் மிஞ்சுவது லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலந்தான். வீக்கத்தால் இரத்த ஓட்டம் தடைப்படுவதால் அந்த அமிலம் சீக்கிரம் கழுவப்படுவதுமில்லை. எனவே அழற்சி கண்ட திசுவில் பி.எச். 7-க்கும் கீழே போவதுண்டு.

புற்றுக்கட்டியிலும் இதே கதை. புற்றணுக்கள் சர்க்கரையை வெகுவாகத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டார்.

நெடுங்காலம் இந்த அமிலத்தை வெறும் கழிவு என்றே எண்ணினார்கள். அடுப்பெரிந்தால் சாம்பல் மிஞ்சுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாம்பலே ஒரு செய்தி என்றும், அதைப் படிக்கத் தெரிந்த உறுப்புகள் உயிரணுவின் மேலேயே இருக்கின்றன என்றும் பிறகுதான் தெரியவந்தது.

மிளகாயும் புளியும் ஒரே கதவைத் தட்டுகின்றன

உயிரணுவின் வெளித்தோலில் பதிந்து, வெளிச்சேதியை உள்ளே சொல்லும் புரதங்களை ஏற்பிகள் என்கிறோம். 1997-ல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர், மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியைக் கண்டுபிடித்தனர். டி.ஆர்.பி.வி.1 என்பது அதன் பெயர். அது சூட்டையும் உணரும், அமிலத்தையும் உணரும். மிளகாய் பட்டாலும், கொதிநீர் பட்டாலும், வீங்கிய இடத்தில் அமிலம் சேர்ந்தாலும் "எரியுது" என்றே நாம் சொல்வது சும்மா இல்லை. இதற்காக ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

அது வலியின் கதை. நோய் எதிர்ப்பின் கதைக்கு நெருங்கி வந்தது 2003-ல். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நோவார்ட்டிஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லுட்விக், சோய்வன் முதலியோர் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஜி.பி.ஆர்.4, ஜி.பி.ஆர்.68 என்னும் இரண்டு ஏற்பிகள் வேறு எந்தப் பொருளையும் எதிர்பார்க்கவில்லை, அமிலத்தையே உணர்கின்றன என்று காட்டினர். ஜி.பி.ஆர்.68 என்பது பி.எச். 7.8-ல் உறங்கிக்கிடக்கிறது, 6.8-க்கு வந்ததும் முழுதாக விழித்துக்கொள்கிறது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இவற்றின் உடன்பிறப்பான ஜி.பி.ஆர்.65-க்கும் இதே குணம் உண்டென்று தெரிந்தது. நமக்கு முக்கியமானது இந்த 65-ஆம் எண்காரர்தான். ஏனென்றால் அவர் குடியிருப்பது பெரும்பாலும் வெள்ளையணுக்களின் மேல்.

எப்படி உணர்கிறது? எங்கள் தொழிலின் தராசைக் கொண்டே சொல்கிறேன். அமிலம் என்பது ஹைட்ரஜன் அயனிகள், அதாவது புரோட்டான்கள், மிகுந்திருக்கும் நிலை. இந்த ஏற்பிகளின் வெளிப்புறத்தில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலங்கள் சில இடங்களில் அமைந்திருக்கின்றன. இவற்றைத் தராசுத் தட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். இரத்தத்தின் இயல்பான நிலையில் தட்டு பெரும்பாலும் காலி. வெளியே அமிலம் கூடக்கூட ஒவ்வொரு தட்டிலும் ஒரு புரோட்டான் ஏறி உட்காருகிறது. எடை ஏறினால் தராசின் முள் சாய்வது போல, ஏற்பியின் வடிவமே சற்றுத் திருகிக்கொள்கிறது. அந்தத் திருகல் உயிரணுவின் உட்புறம் வரை போய், அங்கே காத்திருக்கும் ஜி-புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. ஜி.பி.ஆர்.65-இல் அதன் விளைவாக உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் பெருகுகிறது. 2025-ல் செல் இதழில் வந்த ஆய்வு, இந்த ஏற்பிகளின் உருவத்தைக் குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படம்பிடித்து, வெளியே தெரியும் ஹிஸ்டிடின் மட்டுமல்ல, ஏற்பியின் நடுவே புதைந்துள்ள வேறு சில இடங்களும் சேர்ந்தே இந்த எடைபோடும் வேலையைச் செய்கின்றன என்று காட்டியது.

ஒரே சேதி, இரண்டு உத்தரவு

சரி, தராசு நிறுத்துவிட்டது. பிறகு என்ன நடக்கிறது? இங்கேதான் என்னை வியக்கவைத்த செய்தி இருக்கிறது.

ஜப்பானின் குன்மா பல்கலைக்கழகத்தார் 2009-ல் எலியின் விழுங்கணுக்களை அமிலச் சூழலில் வைத்துப் பார்த்தனர். மேக்ரோஃபேஜ் எனப்படும் இந்த விழுங்கணுக்கள், கிருமியையும் குப்பையையும் விழுங்கும் பெரிய வெள்ளையணுக்கள். அமிலம் கூடியதும் அவை அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 ஆகிய பொருள்களைச் சுரப்பது குறைந்தது. ஜி.பி.ஆர்.65 இல்லாத எலிகளின் விழுங்கணுக்களிலோ அந்த அடக்கம் வெகுவாகக் குறைந்துபோயிற்று. ஆக, ஜி.பி.ஆர்.65 அமிலத்தைக் கண்டதும் சொல்லும் உத்தரவு: "போதும், அடங்கு!"

ஆனால் இரத்தக்குழாயின் உள்சுவர் அணுக்களில் இருக்கும் ஜி.பி.ஆர்.4 அதே அமிலத்தைக் கண்டதும் நேர்மாறாக நடக்கிறது. சுவரைப் பிசுபிசுப்பாக்கி, ஓடுகிற வெள்ளையணுக்கள் அங்கே ஒட்டி நிற்க வழி செய்கிறது. அதன் உத்தரவு: "இங்கே வா!"

ஒரே புளிப்பு, ஒருவர் வா என்கிறார், இன்னொருவர் போதும் என்கிறார். இது குழப்பமல்ல, இதுவே ஒழுங்கு. சண்டை நடக்கும் இடத்துக்குப் படையையும் அழைக்கவேண்டும், அந்தப் படை வீட்டையே இடித்துவிடாமலும் தடுக்கவேண்டும். வண்டிக்கு ஓட்டமும் வேண்டும், பிரேக்கும் வேண்டும்.

பிரேக் பழுதானால் என்னவாகும்? குடல் அழற்சி நோய்க்கும் ஜி.பி.ஆர்.65 மரபணுவின் சில வேறுபாடுகளுக்கும் தொடர்பிருப்பது மனிதரிடம் கண்டறியப்பட்டுள்ளது. இந்த ஏற்பி இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி கடுமையாகிறது. மாறாக, பிரேக் வேண்டாத இடத்தில் அழுந்தினாலும் கேடுதான். புற்றுக்கட்டியின் அமிலம் இதே ஜி.பி.ஆர்.65 வழியாக அங்குள்ள விழுங்கணுக்களைச் சாந்தப்படுத்தி, கட்டி வளர இடங்கொடுக்கிறது என்று 2018-ல் எலிகளில் காட்டினர். திருடனே காவல்காரனுக்குத் தாலாட்டுப் பாடுவது போல! அதனால்தான் இந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்துகளைப் புற்றுநோய்க்காக உருவாக்கும் முயற்சிகள் நடக்கின்றன.

விழுங்கணுவின் புளிப்புப் பை

இதுவரை சொன்னது உயிரணுவுக்கு வெளியே இருக்கும் அமிலம். இனி உள்ளே போவோம். தங்கவயல் பெரியவரின் கதை அங்கேதான் இருக்கிறது.

விழுங்கணு தான் விழுங்கியதைச் செரிக்க உள்ளே சிறு சிறு பைகளை வைத்திருக்கிறது. லைசோசோம் என்பர். புரோட்டான்களை உள்ளே தள்ளும் நுண்ணிய பம்புகள் அதன் சுவரில் உள்ளன. அதனால் அதனுள் பி.எச். 4.5 முதல் 5 வரை. இரத்தத்தைவிடப் பல நூறு மடங்கு அமிலம். விழுங்கும் அணுக்களை முதலில் விளக்கி, 1908-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ருஷ்ய அறிஞர் மெட்ச்னிகாஃப், அவற்றுக்கு லிட்மஸ் துகள்களை ஊட்டி, அவை உள்ளே போய்ச் சிவப்பதைக் கண்டார். நம் செம்பருத்திச் சோதனையை அவர் ஓர் உயிரணுவுக்குள்ளேயே செய்துவிட்டார் எனலாம்.

இப்போது சுரங்கத்துக்கு வருவோம். தங்கவயலில் தங்கம் கிடந்தது குவார்ட்ஸ் என்னும் வெண்கற்பாறையில். அதன் பெரும்பகுதி சிலிக்கா. துளைபோடும்போதும் வெடிவைக்கும்போதும் எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் காற்றறை வரை போகின்றன. விழுங்கணு தன் கடமைப்படி அதை விழுங்குகிறது. புளிப்புப் பைக்குள் தள்ளுகிறது. கிருமியென்றால் அங்கே கரைந்திருக்கும். சிலிக்கா கரையவில்லை. மாறாக அதன் மேற்பரப்பு பையின் சுவரைப் புண்படுத்திக் கிழிக்கிறது. பையிலுள்ள அமிலமும் செரிமான நொதிகளும் உயிரணுவுக்குள்ளேயே கசிகின்றன. இந்தக் கிழிசலை 1966-ல் இங்கிலாந்தில் ஆலிசன் குழுவினர் விளக்கினர்.

2008-ல் அடுத்த படி தெரிந்தது. பை கிழிந்ததும் விழுங்கணுவுக்குள் இன்ஃப்ளமசோம் என்னும் அபாயமணி அடிக்கிறது. இன்டர்லூக்கின் 1 பீட்டா என்னும் கடும் அழற்சிப் பொருள் வெளியேறுகிறது. பை அமிலமாவதை ஒரு மருந்தால் முன்கூட்டியே தடுத்துவிட்டால், சிலிக்கா உள்ளே இருந்தும் அந்த மணி அடிப்பது குறைந்துவிட்டது. கிருமியைக் கொல்ல வைத்திருந்த புளிப்பே இங்கே வீட்டுக்காரனைச் சுட்டது.

அந்த விழுங்கணு செத்தால் துகள் வெளியே விழுகிறது. அடுத்த விழுங்கணு வந்து அதையே விழுங்குகிறது. அதுவும் சாகிறது. கல்லோ அப்படியே இருக்கிறது. சுரங்கத்தை விட்டு வந்து பத்து வருஷமானாலும் நோய் வளர்வது இதனால்தான். ஒவ்வொரு சுற்றிலும் நார்த்தழும்பு கூடிக் கூடி நுரையீரல் இறுகுகிறது. "நெஞ்சு கல்லாப் போச்சே" என்று பெரியவர் சொன்னது உவமையல்ல, ஏறக்குறைய உண்மை.

வெளியில் ஜி.பி.ஆர்.65 போன்ற பிரேக்குகள் இருந்தும் ஏன் இந்த நிலை? என் புரிதல் இதுதான்: பிரேக் என்பது சண்டை முடியும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. முடிவே இல்லாத சண்டையை அது எத்தனை நாள் தாங்கும்?

டி.பி.யா, தூசியா?

மருத்துவர்கள் இருவர் இருவிதமாகச் சொன்னார்களே, அதற்கும் புளிப்புப் பையே காரணம். காசநோய்க் கிருமி மகா தந்திரசாலி. விழுங்கணுவின் வயிற்றுக்குள் போனதும், தான் இருக்கும் பை நன்றாகப் புளிக்காதபடி பார்த்துக்கொள்கிறது. புரோட்டான் பம்புகள் அந்தப் பையில் வந்து சேராததை 1994-ல் கண்டறிந்தனர். ஏற்கெனவே தூசியால் நொந்துபோன விழுங்கணுவுக்கு இந்தக் கிருமியை வெல்வது இன்னும் கடினம். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு என்பது உலகெங்கும் கண்ட உண்மை. ஆகவே ஒரே நெஞ்சில் இரண்டும் இருக்கலாம். ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாமல் விடுவதுதான் தவறு.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலாகப் பதிவானது 1934-ல், நம் தங்கவயலில். 1940-ல் மைசூர் சமஸ்தானம் இதற்கென்றே இழப்பீட்டு விதிகளை இயற்றியது. 1940 முதல் 1946 வரை 7653 தொழிலாளரைச் சோதித்ததில் நூற்றுக்கு 43.7 பேருக்கு இந்நோய் இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த நம் பாட்டன்மார்கள் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் குடும்பங்களில் பலவற்றில், "தாத்தா இருமி இருமியே செத்தார்" என்ற ஒரு பேச்சு இன்றும் இருக்கும்.

நாம் செய்யத்தக்கவை

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஆனால் தூசி மூடப்படவில்லை. கல் உடைக்கும் கிரஷர்கள், கிரானைட் பட்டறைகள், கல் அறுக்கும் கட்டட வேலை என்று நம் பிள்ளைகள் இன்றும் அதே துகளைச் சுவாசிக்கிறார்கள். ஆகவே சில வார்த்தை.

முதலாவது, சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்தில்லை. வராமல் தடுப்பதே வழி. கல்லை அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கவேண்டும். தகுந்த முகக்கவசம் வேண்டும். கைக்குட்டை போதாது, நுண்துகள் அதன் வழியே சர்வசாதாரணமாகப் போகும்.

இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். அப்போது மருத்துவர் கேட்காவிட்டாலும், "நான் இத்தனை வருஷம் கல்லுவேலை செய்தவன்" என்று நாமே சொல்லவேண்டும். அந்த ஒரு வாக்கியம் நோயின் பெயரையே மாற்றலாம். இழப்பீடு கேட்கவும் அதுவே ஆதாரத்தின் முதல் வரி.

மூன்றாவது, கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். "உடம்பில் அமிலம் ஏறிவிட்டது, அதனால்தான் எல்லா வியாதியும், இந்தக் காரத்தண்ணீரைக் குடித்தால் எதிர்ப்புசக்தி பெருகும்" என்று சொல்லி இயந்திரமும் பாட்டிலும் விற்கிறார்கள். என் கடையிலும் வைக்கச் சொல்லி ஒருவர் வந்தார். கமிஷன் நல்ல கமிஷன்தான், நான் வாங்கவில்லை. குடிக்கும் தண்ணீர் முதலில் போய்ச் சேருவது இரைப்பையின் அமிலக் கடலில். இரத்தத்தின் அளவை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. நோயுள்ள இடத்தின் அமிலம் அந்தந்த இடத்திலேயே பிறப்பது. அந்தந்த இடத்து ஏற்பிகளே அதைப் படிப்பது. மேலும் அமிலம் நமக்குப் பகையுமல்ல. விழுங்கணுவின் பை புளிக்காவிட்டால் காசநோய்க் கிருமிக்குத்தான் கொண்டாட்டம் என்று மேலே பார்த்தோம். எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

கல்லுக்கு விஷமில்லை ஐயா. நீங்கள் சொன்னது சரி. உங்கள் உடம்பின் காவல்காரன் தன் கடமையைச் செய்யப்போய், ஜெயிக்கமுடியாத எதிரியை விழுங்கி, தன் ஆயுதத்தாலேயே மாண்டான். அவனை அந்தச் சண்டைக்கு அனுப்பாமல் காத்திருக்கவேண்டியது மருந்தல்ல. பாறையின் மேல் ஊற்றியிருக்கவேண்டிய தண்ணீர். ஐம்பது வருஷம் கழித்தாவது இந்த விடையை அவர் பேரப்பிள்ளைகள் படிக்கக்கூடிய ஒரு மலரில் எழுதிவைக்க முடிந்ததே என்ற நிறைவோடு முடிக்கிறேன்.